மேல் திசைக்கும் ஓர் எல்லை



இல்லறத்தார்க்கென நம் ஆசாரியர்கள் வகுத்தருளிய பன்னிரண்டு விரதங்களுள் அணுவிரதங்கள் ஐந்தையும் நம் வீட்டுச் சிறுவர்களும் தடையின்றி ஒப்பிப்பர். குணவிரதங்கள் மூன்றனுள் முதலாவதாக நிற்கும் திசைவிரதத்தைப் பற்றிக் கேட்டால் பெரியவர்களே சற்றுத் தயங்குகின்றனர். "இன்ன திசையில் இவ்வளவு தொலைவிற்கு அப்பால் செல்வதில்லை என வரையறுத்துக் கொள்வது" என்று கூறுவோர் உண்டு. அது சரியே. ஆயின், திசைகள் எத்தனை என்று வினவினால் எட்டோடு நின்றுவிடுகின்றனர். திசைகள் பத்து. கிழக்கு முதலிய எட்டுடன் மேலும் கீழும் சேர்ந்து பத்தாகும். இவ்விரதத்திற்குரிய அதிசாரங்கள் ஐந்தினைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுமிடத்து, மேல் எல்லையைக் கடத்தலையே முதலில் வைத்திருக்கின்றது. கீழ் எல்லையைக் கடத்தல், பக்க எல்லைகளைக் கடத்தல், வரையறுத்த பரப்பைப் பெருக்கிக் கொள்ளுதல், வரையறையையே மறந்துவிடுதல் ஆகியவை அதன் பின்னரே வருகின்றன.

மேல் திசை என்றதும் பழைய உரைகாரர்கள் மலையேறுதலை எடுத்துக்காட்டினர். கீழ்த் திசைக்குக் கிணற்றில் இறங்குதலைக் காட்டினர். வேறு எதனைக் காட்டுவர்? வந்தவாசியைச் சுற்றியுள்ள நம் ஊர்களில் குன்றைவிட உயர்ந்ததாகவும் கிணற்றைவிடத் தாழ்ந்ததாகவும் எதுவும் இருந்ததில்லை. ஆதலால் மேல் திசைக்கு எல்லை வகுக்க வேண்டிய தேவையே நம் பாட்டன்மார்க்கு நேரவில்லை. அத்தேவை நம் காலத்தில்தான் வந்தது. அது வந்த நாளையும் ஏறக்குறையச் சொல்லிவிடலாம்: 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள்.

அன்றுதான் சென்னை மவுண்ட் ரோட்டில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கட்டடத்தை அந்நாளைய மத்திய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் அவர்கள் திறந்து வைத்தார். பதினான்கு மாடிக் கட்டடம் என்றே அது மக்கள் நாவில் பெயர் பெற்றது. உயரம் 177 அடி. அக்காலத்தில் இந்தியாவிலேயே அதனினும் உயர்ந்த அலுவலகக் கட்டடம் இல்லை. அதுவரை சென்னையின் வான்விளிம்பில் தெரிந்தவை உயர்நீதிமன்றத்தின் குவிமாடங்கள், ரிப்பன் மாளிகையின் மணிக்கூண்டு, சாந்தோம் தேவாலயத்தின் கூரிய முகடு, மயிலைக் கோபுரம் ஆகியவையே. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்த அவற்றின் நடுவே, கம்பியும் சிமெண்டும் கலந்த நேர்கோட்டுப் பெட்டி ஒன்று திடீரென எழுந்து நின்றது. சென்னைக்கு வந்தவர் எவரும் அதனை அண்ணாந்து பாராமல் ஊர் திரும்பியதில்லை. திரைப்படங்களில் கதைத்தலைவன் சென்னைக்கு வந்துவிட்டான் என்பதை உணர்த்த, இக்கட்டடத்தை ஒருமுறை காட்டினாலே போதும் என்ற நிலையும் உண்டாயிற்று.

நாமும் பத்து வயது நிரம்புமுன் தந்தையாரின் விரலைப் பிடித்துக்கொண்டு அதனைக் கண்டவர்களே. பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சியில் மாதிரி வகுப்பு எடுக்கும்போது அது நமக்கு நல்லதொரு பாடப்பொருளாயிற்று. ஏணியின்றி ஒரு கட்டடத்தின் உயரத்தை அளப்பது எப்படி? ஓரடி அளவுகோலை வெயிலில் செங்குத்தாக நிறுத்தி அதன் நிழலை அளக்க வேண்டும். அதே நேரத்தில் கட்டடத்தின் நிழலையும் அளந்து முன்னதால் வகுத்தால் உயரம் கிடைத்துவிடும். காலையில் அளந்தாலும் மாலையில் அளந்தாலும் உயரம் ஒன்றே. நிழல்தான் நீண்டும் குறுகியும் நம்மை மயக்கும். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18ஐ ஒட்டியும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் செங்குத்தாக நிற்கும் எப்பொருளுக்கும் நிழலே விழுவதில்லை. கணக்கிட்டுப் பார்த்தால், இந்தியாவின் பெருங்கட்டடம் திறக்கப்பட்ட அந்த ஆகஸ்டு 23ஆம் நாள் நடுப்பகலில் அதன் நிழல் ஏறத்தாழ ஐந்தடிதான் இருந்திருக்கும். அருகில் நின்ற சிறுவன் ஒருவனின் உயரமே அது.

இக்கட்டடத்தின் வரலாற்றை இன்னும் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். இதனைக் கட்டத் தொடங்கியது அரசு அன்று. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தை நடத்தி வந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் அவர்கள் தம் நிறுவனத்திற்கென 1950களின் தொடக்கத்தில் எழுப்பத் தொடங்கியது அது. 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தோற்றுவித்தவரும் அப்பெருமகனாரே. 1954ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார். கட்டடம் அப்போது பாதியில் நின்றது. 1956இல் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை நடுவண் அரசு நாட்டுடைமையாக்கியது. 245 நிறுவனங்கள் ஒன்றிணைக்கப்பட்டு அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் மற்றொருவர், பெயர் பொறித்தவர் மூன்றாமவர் என்றாயிற்று. 1975 ஜூலையில் அக்கட்டடத்தில் பெருந்தீ மூண்டு கடுஞ்சேதம் விளைத்தது. பின்னர்ச் சீர் செய்யப்பட்டு இன்றும் நிற்கின்றது. ஆயின் இன்று அதனைக் காட்டிலும் உயர்ந்தவை சென்னையில் பல. சாலையில் செல்லும் இளைஞர் எவரும் அதனை அண்ணாந்து பார்ப்பதில்லை.

காப்பீடு என்பதையே எண்ணிப் பாருங்கள். நாளை நாம் இருப்போமோ இரோமோ என்ற ஐயத்தினின்று பிறந்த தொழில் அது. இலட்சக்கணக்கான எளிய குடும்பத்தினர் தாம் இறந்த பின் தம் மக்கள் தெருவில் நிற்கலாகாதே என்று மாதந்தோறும் செலுத்திய சிறு தொகைகள் சேர்ந்தே அத்தகைய நிறுவனங்கள் ஓங்கின. பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் முதலாவது அநித்தியம், இரண்டாவது அசரணம். அதாவது நிலையாமையும் புகலின்மையும். அவ்விரண்டையும் ஒருவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டால்தான் காப்பீட்டுப் பத்திரத்தில் கையொப்பம் இடவே முடியும். நிலையாமையை ஒப்புக்கொண்டோர் தந்த பொருளால், நிலைத்து நிற்க வேண்டுமென்று ஒரு மாளிகை எழுந்தது! காப்பீடு செய்வது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. மனைவி மக்களைக் காப்பது இல்லறத்தானின் கடமையே. பணம் புகலாகலாம், பணத்தைக் கட்டியவருக்குப் புகல் எது என்பதுதான் அசரண பாவனையின் வினா.

மகாபுராணத்தில் பரத சக்கரவர்த்தியின் திக்விசயத்தைக் கூறுமிடத்து ஒரு நிகழ்ச்சி வருகின்றது. நம் ஆலயங்களில் புராணம் வாசிக்கும்போது போர்ச் சிறப்புகளில் மனம் செல்வதால் பலர் இதனைக் கவனியாமல் விட்டுவிடுவர். பகவான் விருஷபதேவரின் மூத்த மைந்தனாகிய பரதன் ஆறு கண்டங்களையும் வென்று முடித்தான். வெற்றிக்கு அடையாளமாக விருஷபாசலம் என்னும் மலையில் தன் பெயரைப் பொறிக்கக் காகிணி இரத்தினத்தைக் கையில் ஏந்திச் சென்றான். அம்மலையை நெருங்கியபோது தனக்கு முன் இவ்வுலகை இவ்வாறு வென்றவர் எவரும் இலர் என்ற பெருமிதம் அவன் நெஞ்சில் நிறைந்திருந்தது. மலையின் பக்கத்தை உற்று நோக்கினான். ஆயிரக்கணக்கான சக்கரவர்த்திகளின் பெயர்கள்! அடியிலிருந்து முடிவரை விரல் வைக்கவும் இடமில்லை. ஒவ்வொருவனும் ஆறு கண்டங்களையும் வென்றவன். ஒவ்வொருவனும் தனக்கு நிகர் எவருமிலர் என்று எண்ணி வந்தவன். பரதனின் செருக்கு அவ்விடத்திலேயே உடைந்தது. ஆயினும் வந்த செயலை விட முடியவில்லை. ஒருவன் பெயரை அழித்து அவ்விடத்தில் தன் பெயரைப் பொறித்துத் திரும்பினான்.

அழித்து எழுதினான் என்பதை ஆசாரியர் மறைக்காமல் எழுதியிருப்பதுதான் இக்கதையின் வலிமை. பரதன் பின்னாளில் துறவு பூண்ட அளவிலேயே கேவல ஞானம் எய்தியவன். அத்தகையவனுக்கும் அந்த ஒரு கணத்தில் கை நிற்கவில்லை. அவன் எழுதும்போதே, தன் பெயரையும் ஒருவன் அழிப்பான் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. நகரங்களில் ஒரு கட்டடம் உயரத்தில் முதலிடம் பெறுவதும், பிறிதொன்று வந்து அதன் பெயரை அழிப்பதும் விருஷபாசலத்தில் நடந்ததன் தொடர்ச்சியே.

உயரமான பொருளை நம் நெறி வெறுக்கின்றது என்று எவரும் கருத வேண்டா. மேல்சித்தாமூரில் கோபுரம் இல்லையா? சிரவணபெளகொளத்தில் பத்தாம் நூற்றாண்டில் சாமுண்டராயர் நிறுவிய பாகுபலி திருவுருவம் 57 அடிக்கு ஒரே கல்லில் நிற்கவில்லையா? ஆலயத்தின் முன் நாம் எழுப்பும் உயர்ந்த கல்தூணுக்கு மானத்தம்பம் என்று பெயர். இங்கு மானம் என்பது செருக்கு. செருக்கைத் தகர்க்கும் தூண் என்பது அதன் கருத்து. இந்திரபூதி கௌதமர் வாதில் வெல்லும் எண்ணத்தோடு வர்த்தமான மகாவீரரின் சமவசரணத்திற்கு வந்தபோது, மானத்தம்பத்தைக் கண்ட அளவிலேயே கல்விச் செருக்கு கரைந்து முதற் கணதரரானார் என்பதை நாம் அறிவோம். உயர்ந்த தூண் ஒன்று காண்பவனின் செருக்கைக் கரைக்கின்றது. உயர்ந்த மாளிகை ஒன்று உள்ளிருப்பவனின் செருக்கை வளர்க்கின்றது. இரண்டும் உயரமே. தூணில் எவரும் குடியிருப்பதில்லை என்பது சிறு வேறுபாடு அன்று.

மானம் என்னும் கஷாயத்தின் தரத்தை விளக்க, கோம்மடசாரம் நான்கு உவமைகளைத் தருகின்றது: கல்தூண் போன்றது, எலும்பு போன்றது, மரம் போன்றது, பிரம்பு போன்றது. கல் ஒருபோதும் வளையாது. பிரம்போ தொட்டவுடன் வளையும். இக்காலப் பொறியாளர்கள் மிக உயர்ந்த கட்டடங்களைக் காற்றுக்குச் சிறிதளவு அசைந்து கொடுக்குமாறே அமைக்கின்றனர். சற்றும் அசையாமல் நிற்க முயன்றால் உயரத்தில் அது நிற்காதாம். கட்டடத்திற்கே பிரம்பின் குணம் வேண்டியிருக்க, அதன் மேல்மாடியில் அமர்ந்து கடைநிலை ஊழியரை ஏவுகின்றவர்க்குக் கல்லின் குணம் எதற்கு?

இனி நம்மை இவ்வுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி, இன்று இரு குழந்தைகளுக்குத் தாய். சென்னையின் தென்பகுதியில் கண்ணாடிச் சுவர் எழுப்பிய அலுவலகம் ஒன்றில் பன்னிரண்டாம் மாடியில் பணிபுரிகின்றாள். வந்தவாசிக்கு அருகிலுள்ள தன் ஊருக்கு ஆண்டில் இருமுறை வருவாள். சென்ற முறை வந்தபோது இரு வினாக்களைக் கேட்டாள். "அம்மா, விரதம் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். நாள்தோறும் பன்னிரண்டு மாடி ஏறி இறங்கும் நான் மேல் திசைக்கு எதனை எல்லையாக வைப்பது?" என்பது ஒன்று. மற்றொன்றைத் தயங்கித் தயங்கியே கேட்டாள். நகரில் பதினாறாம் மாடியில் வீடு வாங்க அவள் கணவர் விரும்புகிறார். முன்பணத்திற்கு ஊரிலுள்ள அவளுடைய பங்கு நிலத்தை விற்க வேண்டும். அவள் தந்தை கையொப்பமிட மறுக்கிறார். வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று. "இதில் அறம் எந்தப் பக்கம்?" என்றாள்.

முதல் வினாவிற்கு விடை எளிது. ஆசாரியர் சமந்தபத்திரர் இல்லறத்தார்க்கென அருளிய இரத்தின கரண்டகத்தில், எல்லையாகக் கொள்ளத்தக்கவை எவையெனத் தெளிவாகவே வகுத்திருக்கின்றார். கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை அளவு ஆகிய யாவரும் நன்கறிந்த அடையாளங்களையே எல்லையாகக் கொள்ள வேண்டும். மயக்கத்திற்கு இடம் கூடாது என்பதே நோக்கம். மலை அடையாளமாகலாம் என்றால் கட்டடமும் ஆகலாம். "என் அலுவலகத்தின் இத்தனையாவது மாடிக்கு மேல் ஏறேன்" என்று வரையறுத்துக்கொண்டால் அதுவே மேல் எல்லை. பிழைப்பிற்கு வேண்டியதை விட்டுவிடுமாறு எந்த ஆசாரியரும் இல்லறத்தாரை வற்புறுத்தவில்லை. மின்தூக்கியில் ஏறுவது விரதத்திற்கு இழுக்கா என்றும் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. எழுபதைக் கடந்த நம் முழங்கால்கள் மின்தூக்கிக்கு என்றும் நன்றியுடையன என்பதை மட்டும் இங்குச் சொல்லி வைக்கிறோம்.

எல்லை வகுப்பதால் பயன் யாதெனில், அவ்வெல்லைக்கு அப்பால் நடக்கும் நுண்ணிய கொலை, பொய் முதலியவற்றிலும் நமக்குப் பங்கு இல்லாமற் போகின்றது. ஆதலால் எல்லைக்கு வெளியே அணுவிரதமும் மகாவிரதத்தின் தன்மையை எய்துகின்றது என்று அதே ஆசாரியர் கூறுகின்றார். இல்லறத்தில் இருந்தபடியே, உலகின் பெரும்பகுதியைப் பொறுத்தமட்டில் முனிவராகிவிட வழி சொல்லும் விரதம் இது.

இரண்டாம் வினாவிற்கு அவ்வளவு எளிதில் விடை கூறிவிட இயலாது. நகரில் வீடு வாங்குவது பாவம் என்று சொல்லிவிட்டால் நம் இளைஞர்கள் இப்பத்திரிகையை மூடி வைத்துவிடுவர்; அவ்வாறு மூடுவதும் நியாயமே. வேலை அங்கே, பள்ளி அங்கே. மாலை ஏழு மணிக்கு அலுவலகம் விட்டு இரண்டு மணி நேரம் பேருந்தில் அலைந்தால் இரவுண்ணாமையைக் காப்பது எங்ஙனம்? அலுவலகத்திற்கு அருகில் குடியிருப்பது விரதத்திற்கு உதவியாகவே கூட அமையலாம். ஆயினும் சில கேள்விகளை அவளிடம் திருப்பிக் கேட்டோம். பதினாறாம் மாடிதான் வேண்டுமா, இரண்டாம் மாடி போதாதா? உயரம் கூடக்கூட விலையும் கூடும் என்று அவளே சொன்னாள். காற்றுக்காகவா, கண்ணுக்காகவா, உறவினர் வந்து "அப்பா, எவ்வளவு உயரம்!" என்று வியப்பதற்காகவா? கடைசியாகச் சொன்னதற்கு அவள் சிரித்துவிட்டாள். செல்வத்தால் வரும் செருக்கு எட்டு மதங்களுள் ஒன்று என்பதை அவளுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் மாடியாயின் நிலத்தில் பாதியை விற்றால் போதும் என்ற கணக்கும் அப்போதுதான் வெளிவந்தது.

அந்த நிலத்தின் வருவாயில் ஒரு பகுதி ஊர் ஜினாலயத்தின் நித்திய பூசைக்குச் செல்கின்றது. அவள் தந்தை மறுப்பதற்கு அதுவே காரணம். ஆனால் அதனை அவர் மகளிடம் வாய்திறந்து சொல்லவில்லை. நம் ஊர்கள் பலவற்றில் இன்று நிலைமை இதுதான். குடும்பங்கள் பெயர்கின்றன, பூசகர் ஒருவரும் முதியோர் சிலரும் எஞ்சுகின்றனர். நகரத்தின் வான்விளிம்பு உயரும்போது எங்கோ ஓர் ஊரில் மாலை விளக்கு ஒன்று மங்குகின்றது. இதனை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

உயரத்தின் விலையில் உயிரும் அடங்கும். 2014 ஜூன் 28ஆம் நாள் சென்னைக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வெளிமாநிலங்களிலிருந்து கூலிக்கு வந்த ஏழைத் தொழிலாளர். கவனமின்மையாகிய பிரமாதத்தோடு கூடி உயிருக்கு ஊறு செய்தலே இம்சை என்று நம் நூல்கள் வரையறுக்கின்றன. கொல்ல வேண்டுமென்ற எண்ணம் எவருக்கும் இல்லாதிருக்கலாம். கவனம் இல்லாதிருந்தது, அதுவே போதும். வீடு வாங்குவோர் சமையலறையின் கல் என்ன நிறம் என்று கேட்பது போல, அடித்தளத்தை யார் சோதித்தார், கட்டியவர்க்குப் பாதுகாப்பு என்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பது அகிம்சாணுவிரதத்தின் பாற்பட்டது. கண்ணாடிச் சுவரில் வானத்தின் நிழலைக் கண்டு திறந்த வெளியென எண்ணி மோதி மடியும் பறவைகளையும், இரவெல்லாம் ஆளில்லாத அறைகளில் எரியும் விளக்குகளை நாடி வந்து மடியும் பூச்சிகளையும் பற்றித் தனியே ஓர் உரை எழுத வேண்டும். பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குவதற்கென்றே அனர்த்ததண்ட விரதம் இருக்கின்றது. விளக்கை அணைக்க விரல் ஒன்று போதும்.

பதினான்கு மாடி என்றதும் நம் நினைவிற்கு வருவன பதினான்கு குணத்தானங்கள். பொய்க்காட்சியாகிய முதற் படியினின்று அயோககேவலி என்னும் பதினான்காம் படிவரை ஆன்மா ஏறும் முறை அது. விரதம் பூண்ட இல்லறத்தார் ஐந்தாம் படிவரை ஏறலாம். பத்தாம் படியிலும் நுண்ணிய உலோபம் எஞ்சியிருக்கும் என்பது கவனிக்கத்தக்கது. சினம் போய், செருக்குப் போய், வஞ்சம் போன பின்னரும் ஆசையின் இழை ஒன்று அறாமல் நிற்கின்றது. மோகத்தை அழிக்காமல் அடக்கி மட்டும் ஏறியவர் பதினோராம் படியை எய்தியதும் கீழே இறங்கியே தீர வேண்டும். அழித்து ஏறுபவரோ அப்படியில் கால் வைக்காமலே பத்திலிருந்து பன்னிரண்டிற்குச் சென்றுவிடுவர். உச்சியாகிய பதினான்காம் படியில் ஆன்மா தங்கும் காலம் எவ்வளவு தெரியுமா? ஐந்து குற்றெழுத்துகளை உச்சரிக்கும் நேரம் மட்டுமே. உச்சியில் வீடு கட்டிக் குடியிருக்க அங்கு எவருக்கும் இடமில்லை.

அம்மாணவி சென்ற மாதம் மடல் எழுதியிருந்தாள். தந்தையும் மகளும் பேசிவிட்டனராம். பூசைக்குரிய பகுதியைத் தனியே பிரித்து எழுதி வைத்த பின் எஞ்சியதைப் பற்றி முடிவு செய்வதாக இருக்கின்றனர். எந்த மாடி என்பது இன்னும் கணவரோடு பேச்சில் இருக்கின்றது. பத்துநாள் பருவத்தில் உத்தம மார்தவ நாளன்று விரதம் ஏற்க எண்ணி, எல்லைகளைக் குறிப்பேட்டில் எழுதி நமக்கு நகல் அனுப்பியிருந்தாள். கிழக்கே கடல். மேற்கே, வடக்கே, தெற்கே இன்னின்ன ஊர்கள். மேலே அலுவலகத்தின் பன்னிரண்டாம் மாடி. கீழே, 2019இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. மெட்ரோ நிலையத்தின் நடைமேடை. அங்கிருந்துதான் அவள் இரயில் ஏறுகின்றாளாம். கணவரின் நிறுவனம் அவரை வெளிநாட்டிற்கு அனுப்பக்கூடும் என்பதால் விமானப் பயணத்திற்குரிய வரியை மட்டும் வெற்றிடமாக விட்டிருக்கின்றாள். விரதம் ஏற்கும் நாளுக்குள் அதனை நிரப்பிவிடுமாறு விடை எழுதியிருக்கிறோம்.